சீனிக்கிழங்கு ஏன் கைக்கிறது?

மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய ஒரு மாலைப்பொழுது. கல்குளம் வட்டத்தில் எனக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தேன். வீட்டின் பின்புறம், தென்னை நிழல் விழாத ஏழெட்டு சென்ட் நிலத்தில் சீனிக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். தாய் மண்வெட்டியால் மேட்டைப் பிளக்க, பிள்ளைகள் மூவரும் போட்டி போட்டுக்கொண்டு கிழங்குகளைப் பொறுக்கிக் கடவப்பெட்டியில் இட்டனர். சிவந்த தோலும் திரண்ட வடிவுமாய்ப் பார்வைக்கு இனிய கிழங்குகள். பாதியை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, மீதியைச் சந்தைக்கு அனுப்பிப் பிள்ளைகளின் பள்ளிச் செலவை ஈடுகட்ட வேண்டும் என்பது அந்த அம்மாவின் திட்டம்.

சற்று நேரத்தில் அவித்த கிழங்கும் கட்டஞ்சாயாவும் திண்ணைக்கு வந்தன. முதலில் வாயில் இட்ட சிறுவன் முகத்தைச் சுளித்தான். “அம்மா, கைக்குது!” என்று துப்பினான். அடுத்த கிழங்கும் கைத்தது. பிட்டுப் பார்த்தால், உள்ளே கறுத்த துளைகள். துளைகளுக்குள் வெள்ளை வெளேரென்ற சிறு புழுக்கள். “எல்லாம் நல்ல கெழங்குன்னு நெனச்சேனே சாமி” என்று அந்த அம்மா குரல் தழுதழுக்கக் கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. சிறிது நேரம் கழித்து அவரே ஒரு முடிவும் சொன்னார்: “அடுத்த தடவ நட்டதும் குருணை மருந்து வாங்கிப் போட்டிரணும். பக்கத்து வீட்டுல அதத்தான் சொல்லுதாவ.”

கைத்த கிழங்கைவிட இந்தச் சொல்லே எனக்குப் பெருங்கவலை தந்தது. அதே மண்ணில்தான் அந்தப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அங்கேதான் கோழிகள் கிளறுகின்றன. பத்தடி தொலைவில் குடிநீர்க் கிணறு. மூன்று மாத உழைப்பு வீணானது ஒரு துன்பம். அதை ஈடுசெய்வதாக எண்ணி வீட்டு முற்றத்தில் நஞ்சைத் தூவுவது அதனினும் பெரிய துன்பம். ஆகவே இப்பகைவன் யார், நஞ்சின்றி அவனை வெல்ல வழியுண்டா என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம் என்று கருதி இதனை எழுதுகிறேன்.

நம் கிழங்குகள்

உருளைக்கிழங்கு குளிர்நிலத்துப் பயிர். நம் மாவட்டத்தின் வெப்பத்தில் அது செழிப்பதில்லை. அதன் இடத்தில் நமக்கு மரச்சீனி, சீனிக்கிழங்கு, சிறுகிழங்கு, சேனை, காய்ச்சில் என ஒரு பட்டாளமே உண்டு. சர்க்கரைவள்ளி எனப் பிற மாவட்டத்தார் அழைக்கும் சீனிக்கிழங்கு வெப்ப அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடி மக்கள் அதற்கு இட்ட ‘பட்டாட்டா’ என்னும் பெயரிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘பொட்டேட்டோ’ பிறந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அச்சொல் முதலில் குறித்தது சீனிக்கிழங்கையே. பின்னர்தான் உருளைக்கிழங்கு அப்பெயரைத் தனதாக்கிக்கொண்டது.

திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரச்சீனிப் பயிரைப் பரப்ப அரும்பாடுபட்டார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூர் ஏழைகளின் உயிரைக் காத்தவை இக்கிழங்குகளே என்பதை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். எனவே வீட்டுப் புறக்கடையில் விளையும் கிழங்கை அற்பமாக எண்ணலாகாது. அது ஏழைக் குடும்பத்தின் அவசரக் களஞ்சியம்.

பகைவனை அறிவோம்

அன்று அவர்கள் கிழங்கைத் துளைத்தது கூன்வண்டு. அதன் நீளம் கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. தலையும் வயிறும் நீலம் பாய்ந்த கறுப்பு. நடுவுடலும் கால்களும் செம்மை. மெலிந்த இடையும் நீண்ட மூக்குமாக, பார்த்த மாத்திரத்தில் எறும்பென்றே நினைக்கத் தோன்றும். லத்தீன் மொழியில் எறும்புக்கு ‘ஃபார்மிகா’ என்று பெயர். அதனை ஒட்டியே டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபப்ரீசியஸ், 1798-இல் இவ்வண்டுக்கு ‘ஃபார்மிகாரியஸ்’ என்று பெயர் சூட்டினார். அவர் ஆராய்ந்த வண்டு எங்கிருந்து சென்றது தெரியுமா? அன்று டேனிஷ்காரர் வசமிருந்த நம் தமிழகத்துத் தரங்கம்பாடியிலிருந்து!

பெண் வண்டு, கொடியின் தடித்த அடித்தண்டிலோ கிழங்கின் தோலிலோ சிறு குழி தோண்டி, குழிக்கு ஒன்றாக முட்டையிட்டு, மேலே மெழுகி மூடிவிடும். பொரித்த புழு உள்ளேயே குடைந்து தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி வெளியேறும். முட்டை வண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். மூன்று மாதப் பயிரில் இரண்டு மூன்று தலைமுறை பெருகிவிடும் என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். பகலில் இது இலைக்கடியில் பதுங்கும், இரவில் நடமாடும், தொட்டால் செத்ததுபோல் கிடக்கும். ஆதலால் பலர் இதனைக் கண்ணால் கண்டதே இல்லை.

கைப்பு எங்கிருந்து வருகிறது? புழு தின்ற காயத்துக்கு எதிராகக் கிழங்கு தானே சில கைப்புப் பொருள்களைச் சுரக்கிறது. அது கிழங்கின் தற்காப்பு. ஒரு மூலையில் துளை விழுந்தாலும் சுற்றுப்புறம் எங்கும் கைப்பு ஏறிவிடும். அவித்தாலும் அது போகாது; கெட்ட பகுதியை மட்டும் அரிந்துவிட்டு மற்றதைச் சமைத்தாலும் பெரும்பாலும் பயனிராது. அத்தகைய கிழங்கை, அதிலும் பூசணம் பிடித்ததை, மாட்டுக்கும் போடலாகாது. பூசணம் பிடித்த சீனிக்கிழங்கில் உண்டாகும் நஞ்சு கால்நடைகளின் நுரையீரலைத் தாக்கிக் கொல்லவல்லது.

மண்ணே பத்தாயமா?

இனி, அந்த அம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி: “கிழங்கு முற்றி எவ்வளவு நாள் ஆயிற்று?” அவர் தந்த விடை: “ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. வேணுங்கப்போ தோண்டிக்கிடலாம்னு விட்டேன்.”

இங்கேதான் தவறு நேர்ந்தது. அது அவருடைய தவறன்று; மரச்சீனி நமக்குக் கற்றுத்தந்த வழக்கம். மரச்சீனிக்கிழங்கு பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். ஆனால் மண்ணுக்குள் மாதக்கணக்கில் நிற்கும். ஆதலின் மண்ணையே பத்தாயமாக வைத்து, வேண்டும்போது ஒரு மூடு பிடுங்கிக்கொள்வது நம் பாட்டிமாரின் அறிவுடைமை. சீனிக்கிழங்கின் இயல்போ நேர்மாறானது. அது மண்ணுக்கு வெளியே வாரக்கணக்கில் கெடாது. மண்ணுக்குள் விட்டுவைத்தால் ஒவ்வொரு நாளும் வண்டுக்கு விருந்து. மரச்சீனிக்கு அறிவான செயல் சீனிக்கிழங்குக்கு அழிவாகிறது.

மற்றொன்று: இவ்வண்டுக்கு மண்ணைத் தோண்டத் தெரியாது. கிழங்கு பருக்கும்போது மேட்டில் வெடிப்பு விழும். கோடையில் மண் காய்ந்தாலும் வெடிப்பு விழும். அந்த வெடிப்பு வழியாகத்தான் அது இறங்குகிறது. வெடிப்பு இல்லையேல் வழியும் இல்லை. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், செய்ய வேண்டியவை எல்லாம் தாமே விளங்கும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, நடுகொடி. பழைய கொடியின் அடிப்பகுதியில் முட்டையும் புழுவும் மறைந்திருக்கும். ஆகவே கொடியின் நுனியிலிருந்து ஒரு சாண் அளவுக்கு வெட்டிய தளிர்த்தண்டுகளை மட்டுமே நட வேண்டும். கெட்ட கிழங்கு விளைந்த இடத்துக் கொடியை எவர் கொடுத்தாலும் வாங்கலாகாது.

இரண்டாவது, இடமாற்றம். சென்ற ஆண்டு சீனிக்கிழங்கு நின்ற இடத்திலும் அதை அடுத்தும் மீண்டும் அதையே நடலாகாது. கன்னிப்பூ, கும்பப்பூ என நெல் விளையும் நஞ்சை நிலத்தில் நெல்லுக்குப் பின் கிழங்கு நடுவோர் பேறு பெற்றோர். நெல்லுக்குத் தேங்கி நின்ற நீரே மண்ணில் எஞ்சிய பகையைத் தீர்த்திருக்கும். புறக்கடையிலோ பயறு, வெண்டை, கீரை என மாற்றி மாற்றி நடலாம்.

மூன்றாவது, மண் அணைத்தல். இதுவே தலையாய வேலை. நட்ட ஒரு மாதத்திலும், இரண்டாம் மாத முடிவிலும் மேட்டுக்கு மண் அணைத்து வெடிப்புகளை மூட வேண்டும். வெளியே தலைகாட்டும் கிழங்கை உடனே மண்ணால் மறைக்க வேண்டும். தழைகளையும் காய்ந்த இலைகளையும் மேட்டின்மேல் பரப்பினால் ஈரம் காக்கப்பட்டு வெடிப்புக் குறையும். மழை பொய்த்தால் வாரம் ஒருமுறையேனும் நீர் பாய்ச்சுதல் நலம்.

நான்காவது, இரைப்பொறி. நட்ட ஐம்பதாம் நாள் முதல் எண்பதாம் நாள் வரை, பத்து நாளுக்கு ஒருமுறை, ஒரு சீனிக்கிழங்கைத் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மீட்டருக்கு ஒன்றாக மாலையில் வைக்க வேண்டும். மணத்துக்கு வண்டுகள் வந்து கூடும். விடியுமுன் அவற்றைத் திரட்டிக் கொதிநீரிலோ சோப்பு நீரிலோ கொட்டிவிடலாம். பிள்ளைகள் ஆர்வத்தோடு செய்யும் வேலை இது.

ஐந்தாவது, கவர்ச்சிப் பொறி. பெண் வண்டு ஆணை அழைக்கச் சுரக்கும் மணப்பொருள் எது என்பதை 1986-இல் அமெரிக்க அறிவியலார் கண்டறிந்தனர். அதனை ஏற்றிய சிறு ரப்பர் வில்லையை, பக்கங்களில் துளையிட்ட பிளாஸ்டிக் பாத்திரத்தில் சோப்பு நீருக்கு மேலே தொங்கவிட்டால் ஆண் வண்டுகள் வந்து விழுந்து மடியும். இரண்டரை சென்ட் நிலத்துக்கு ஒரு பொறி போதும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கிவரும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இம்முறையைப் பரிந்துரைக்கிறது. நம் திருப்பதிசாரத்து வேளாண் அறிவியல் நிலையத்தாரையும் அணுகி ஆலோசனை கேட்கலாம்.

ஆறாவது, காலத்தில் அறுவடை. முற்றிய உடனே முழுவதையும் தோண்டிவிட வேண்டும். காயம்படாத நல்ல கிழங்குகளைக் காற்றோட்டமான நிழலில், உலர்ந்த மணலில் அடுக்கி வைத்தால் கெடாது. துளை விழுந்தவற்றையும் தடித்த அடிக்கொடிகளையும் குப்பைக்குழியில் வீசாமல் எரித்துவிட வேண்டும். எறிந்த கிழங்கு ஒன்று, அடுத்த ஆண்டுக்கு நாமே வளர்த்துவிடும் பகைவன் நூறு.

கடலோரத்தார்க்கு ஒரு சொல்: மணல்மேட்டில் படரும் அடம்பங்கொடியும், நீர்நிலைகளில் மிதக்கும் வள்ளைக்கீரையும் சீனிக்கிழங்கின் உறவினம். கிழங்கு இல்லாத காலத்தில் வண்டு அங்கே தங்கும். மணலைக் காக்கும் அடம்பை வெட்டித் தீர்க்க வேண்டியதில்லை. அதனை ஒட்டிச் சீனிக்கிழங்கு நடாதிருத்தல் போதும்.

குருணை மருந்து வேண்டாம்

ஒரு தலைமுறைக்கு முன் மண்புழுவுக்கும் கரையானுக்கும் வேறுபாடு பாராமல் பி.எச்.சி. பொடியைத் தூவினோம். மண்ணிலும் தாய்ப்பாலிலும்கூடத் தங்கும் அந்நஞ்சு 1997-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அதன் பின் வந்த ஃபோரேட் குருணை நரம்பு மண்டலத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு. 2018-இல் நடுவண் அரசு பிறப்பித்த ஆணைப்படி, 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு அதன் விற்பனையும் பயன்பாடும் தடை செய்யப்பட்டன. எனினும் பழைய பொட்டலம் எவர் வீட்டுப் பரணிலாவது கிடக்கக்கூடும்.

சற்றே சிந்தியுங்கள். புழு இருப்பது கிழங்கின் உள்ளே. அதனைக் கொல்லும் அளவுக்குக் கிழங்கினுள் நஞ்சு ஊற வேண்டுமெனில், அதே கிழங்கைத்தானே நம் பிள்ளைகள் உண்பார்கள்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் வாழைக்கு வைத்த குருணையைக் கொத்தித் தின்ற பதினொரு கோழிகள் ஒரே காலையில் மடிந்து கிடக்கக் கண்டேன். அன்று அந்த வீட்டுக் குழந்தை பாட்டி வீட்டில் இருந்ததே அவர்களுக்கு ஆறுதல்.

எலியும் பெருச்சாளியும் மரச்சீனியைக் குடையும்போதும் இதே சோதனை நேர்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலைச் சிதைப்பது. அதற்கு மாற்று மருந்து இல்லை. தமிழ்நாடு அரசு அதன் விற்பனையைத் தடை செய்துள்ளது. வயல்களிலும் கிடங்குகளிலும் பயன்படும் புகை மாத்திரையும் வீட்டில் வைத்திருக்கத் தக்கதன்று. ஒரு கணத்து மனச்சோர்வில் எத்தனை உயிர்களை அவை பறித்துள்ளன என்பதை இறுதிச் சடங்குகளுக்குச் சென்றுவருவோர் நன்கு அறிவர். எலிக்கு எலிப்பொறியும் தஞ்சாவூர்க் கிட்டியும் இருக்கின்றன. மாலையில் வளைகளையெல்லாம் மண்ணால் அடைத்து, மறுநாள் காலையில் திறந்திருக்கும் வளையருகே மட்டும் பொறி வைத்தால் உழைப்பு வீணாகாது. வரப்பையும் வேலியோரத்தையும் புதரின்றி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

சிறுகிழங்கின் முடிச்சு

பொங்கலுக்கு நம் வீடுகளில் தவறாது இடம்பெறும் சிறுகிழங்குக்கு வேறொரு பகை உண்டு. சில ஆண்டுகளில் கிழங்கு முழுவதும் முண்டும் முடிச்சுமாய், தோலுரிக்க முடியாதபடி இருப்பதைக் குடும்பத் தலைவிகள் கண்டிருப்பர். அது மண்ணின் வளக்குறைவன்று. வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. இது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது.

முடிச்சுள்ள கிழங்கை விதைக்கு எடுக்காதிருத்தல் முதற்காப்பு. கோடையில் மண்ணைக் கிளறி வெயிலில் காயவிடுதல் இரண்டாவது. வேப்பம் பிண்ணாக்கு இடுதல் மூன்றாவது. கேந்திப்பூவின் வேர் நூற்புழுவைக் கொல்லும் பொருளைச் சுரக்கிறது. ஆனால் ஓரத்தில் நான்கு செடி வைத்தால் போதாது, அந்த இடம் முழுவதும் நெருக்கமாக நட்டு இரண்டு மூன்று மாதம் வளர்க்க வேண்டும். தோவாளைச் சந்தை அருகிருக்க, பூவும் வீணாகாது. இன்னொரு வியப்பு: ஸ்ரீகாரியம் நிலையம் வெளியிட்ட ‘ஸ்ரீ பத்ரா’ என்னும் சீனிக்கிழங்கு வகையின் வேருக்குள் புகும் நூற்புழு வளர்ந்து பெருக முடியாமல் மடிகிறது. தொண்ணூறு நாளில் விளையும் அதனை முதலில் நட்டு, பின்னர் அதே இடத்தில் சிறுகிழங்கு நட்டால் சேதம் குறைகிறது.

நீலகிரி புகட்டும் பாடம்

மண்ணுக்குள் ஒருமுறை பகை புகுந்துவிட்டால் அதனை அகற்றுவது எத்துணை அரிது என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 1961-இல் ஆங்கிலேய அறிஞர் ஜோன்ஸ், உதகமண்டலத்தில் உருளைக்கிழங்கு வேரில் கடுகினும் சிறிய உருண்டைகளைக் கண்டார். அவை தென்னமெரிக்க மலைகளில் தோன்றிய முட்டைக்கூடு நூற்புழுவின் கூடுகள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் நூற்றுக்கணக்கான முட்டைகள். பயிரே இல்லாவிட்டாலும் இருபது ஆண்டுகள்கூட மண்ணில் உறங்கிக் கிடந்து, உருளைக்கிழங்கு வேரின் சாறு பட்டதும் விழித்தெழும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. 1971-இல் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்லத் தடை விதிக்கப்பட்டது. எனினும் பின்னர் கொடைக்கானலிலும், இமாசலப் பிரதேசம் முதலிய வடமாநில மலைகளிலும் அது காணப்பட்டது.

விதையோடும், காலில் ஒட்டிய மண்ணோடும் பகை பயணம் செய்கிறது. நாம் அன்போடு பரிமாறிக்கொள்ளும் நடுகொடிக்கும் விதைக்கிழங்குக்கும் இது பொருந்தும். கொடுப்பவர் நல்லதைத் தேர்ந்து கொடுப்பதும், வாங்குபவர் பார்த்து வாங்குவதும் கடமை.

ஊர் கூடினால்

ஜப்பானின் ஒக்கினாவா பகுதியில் குமே என்றொரு சிறு தீவு. பரப்பு ஏறத்தாழ அறுபது சதுர கிலோமீட்டர். அங்கும் நம் கூன்வண்டே சீனிக்கிழங்கைச் சூறையாடியது. 1994-இல் தொடங்கி, கவர்ச்சிப் பொருளால் ஆண் வண்டுகளைக் குறைத்தும், கதிர்வீச்சால் மலடாக்கிய வண்டுகளை ஏராளமாகப் பறக்கவிட்டும் போராடினர். 2013-இல் அத்தீவில் இவ்வண்டு அடியோடு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகள்! கியூபா நாட்டு உழவர்களோ, வாழைத்தோட்டத்து எறும்புக் கூட்டங்களைக் கிழங்கு வயலில் குடியேற்றி வண்டை அடக்கினர்.

நம்மிடம் கதிர்வீச்சுக் கூடம் இல்லை. ஆனால் அயலாரோடு பேசும் வாய் உண்டு. நான் மட்டும் மண் அணைத்து, என் வேலிக்கு அப்பால் கெட்ட கிழங்கு அழுகிக் கிடந்தால், வேலி வண்டைத் தடுக்குமா? பத்து வீட்டார் ஒரே வாரத்தில் தோண்டி, ஒரே நாளில் கெட்டதை எரித்து, நல்ல கொடியைப் பகிர்ந்துகொண்டால், அத்தெருவில் வண்டுக்குத் தங்க இடமில்லை.

நிற்க. அந்த வீட்டில் பின்பு என்ன நடந்தது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்த அம்மா குருணை வாங்கவில்லை. இடத்தை மாற்றி, நுனிக்கொடி நட்டு, இருமுறை மண் அணைத்தார். இரைத்துண்டு வைக்கும் வேலையைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டனர். ஒவ்வொரு காலையும் எத்தனை வண்டு விழுந்தது என்று சிறுவன் நோட்டில் குறித்து வைத்திருந்தான். தொண்ணூற்றைந்தாம் நாளில் முழுவதையும் தோண்டினர். கடவப்பெட்டியில் பத்துக்கு ஒன்றோ இரண்டோ துளை விழுந்தவை இருக்கத்தான் செய்தன. அவற்றை அப்போதே தனியே எடுத்து அடுப்பில் இட்டனர்.

மறுபடியும் திண்ணைக்கு அவித்த கிழங்கு வந்தது. அதே சிறுவன் முதலில் ஒன்றை எடுத்து, சற்றுத் தயங்கிக் கடித்தான். அனைவரும் அவன் முகத்தையே பார்த்தோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கிழங்குக்குக் கை நீட்டினான்.